வீட்டோடு முடங்கிய முதியோருக்கு மதிய உணவு கொண்டு செல்லும் பணி: சேர்வதற்கு முன் சில விளக்கங்கள்

நியூ ஜெர்சிக்கு அண்மையில் குடிவந்திருப்பதாகவும், பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற பின் கிடைக்கும் பகல் நேரத்தில் மீல்ஸ் ஆன் வீல்ஸ் திட்டத்தில் சேர்ந்து, வெளியே நடமாட இயலாத முதியவர்களுக்கு உணவு கொண்டு போய்க் கொடுக்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எப்படிச் சேர்வது, எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் வந்தவரின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் தரப்படுவது) இருப்பவர் இதைச் செய்யலாமா, சைவக் குடும்பத்தில் பிறந்தவர் இறைச்சி உணவைக் கையாள வேண்டியிருக்குமா, வீட்டில் சமைத்ததையும் சேர்த்துக் கொடுக்கலாமா, விடுமுறை நாட்களில் பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லலாமா, உங்கள் மாமியாருக்கே இந்த உணவு கிடைக்க வழி உண்டா என்பவை உங்கள் கேள்விகள். மிச்சிகனில் பல ஆண்டுகளாக இந்தப் பணியில் வண்டி ஓட்டியும், புதிதாக வருபவர்களைப் பழக்கியும் வருகிறேன் என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். மீல்ஸ் ஆன் வீல்ஸ் என்பது நாடு முழுவதற்குமான ஒரே நிறுவனம் அன்று. அந்தந்தக் கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிருவாகப் பகுதி) முதியோர் நல அலுவலகமோ, தேவாலயமோ, மருத்துவமனையோ, தனி அறக்கட்டளையோ நடத்தும் ஆயிரக்கணக்கான உள்ளூர்த் திட்டங்களுக்குப் பொதுவாக வழங்கும் பெயர் அது. எனவே விதிகளும் ஊருக்கு ஊர் சிறிது மாறும். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளமாக இருப்பது 1965-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட முதிய அமெரிக்கர்கள் சட்டம். 1972-இல் அச்சட்டத்தில் உணவுத் திட்டம் சேர்க்கப்பட்டது. 1978-இல் வீட்டுக்கே கொண்டு சென்று கொடுக்கும் உணவுக்குத் தனி நிதி ஒதுக்க வழி செய்யப்பட்டது. அச்சட்டத்தின்படி 60 வயது நிறைந்தவர்களுக்கு வருமானச் சான்று கேட்காமல் உணவு தர வேண்டும். பயனாளியின் கணவரோ மனைவியோ எந்த வயதினராயினும் அவருக்கும் தரலாம். விரும்பியவர்கள் நன்கொடை கொடுக்கலாம். கொடுக்க முடியாதவருக்கு உணவை மறுக்கக் கூடாது. ஆனால் அரசு நிதி தேவைக்குப் போதுமானதாக இல்லை. அதனால்தான் பல ஊர்களில் காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. சில இடங்களில் சமைக்கப் பணமிருந்தும் வண்டி ஓட்ட ஆளில்லாமல் ஒரு தெருவுக்கே உணவு போகாமல் நிற்பதுண்டு. உங்களைப் போன்றவர்கள் தேவைப்படுவது அந்த இடத்தில்தான்.

இந்த ஏற்பாட்டின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் பெண்கள் தன்னார்வச் சேவை அமைப்பினர் தொடங்கிய பழக்கம் இது. அமெரிக்காவில் 1954 ஜனவரியில் பிலடெல்பியாவில் மார்கரெட் டாய் என்ற சமூகப் பணியாளர் முதல் திட்டத்தைத் தொடங்கினார். தட்டுகளைக் கொண்டு சென்றவர்களுள் பெரும்பாலோர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். ஏறத்தாழ அதே காலத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவில் இதைத் தொடங்கிய டோரிஸ் டெய்லர் சிறுவயதில் நேர்ந்த விபத்தால் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தவர். பிறர் உதவியின்றி வெளியே செல்ல முடியாத நிலை எப்படிப்பட்டது என்பதை உள்ளிருந்தே அறிந்த ஒருவர், முதியவர்கள் விடுதிகளுக்கு அனுப்பப்படாமல் தம் வீட்டிலேயே வாழ வேண்டும் என்பதற்காக எழுப்பிய அமைப்பு அது. உணவு வாங்கிக்கொள்பவரை இரங்கத்தக்கவராக மட்டும் பார்க்கும் மனநிலை வராமல் இருக்க, புதியவர்களிடம் நான் எப்போதும் அவரைப் பற்றிச் சொல்வதுண்டு.

சேர்வதற்கு உங்கள் கவுண்டியின் முதியோர் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தால் போதும். எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால், எல்டர்கேர் லொகேட்டர் என்ற நாடளாவிய அரசுச் சேவையை 1-800-677-1116 என்ற எண்ணில் கேட்கலாம். விண்ணப்பம், ஓட்டுநர் உரிமம், வாகனக் காப்பீட்டுச் சான்று, குற்றப் பின்னணிச் சோதனை, சிறு பயிற்சி, பழகிய ஒருவருடன் ஓரிரு முறை உடன் செல்வது என்ற வரிசையில் பெரும்பாலும் நடக்கும். விசாவைப் பொறுத்தவரை, இலாப நோக்கற்ற அமைப்பில், வழக்கமாகவே ஊதியமின்றிச் செய்யப்படும் பணியை, எந்தக் கைம்மாறும் பெறாமல் செய்வதற்குப் பொதுவாகத் தடையில்லை. சில திட்டங்கள் ஓட்டிய தூரத்துக்கு எரிபொருள் பணம் தரும். நீங்கள் அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. ஐயம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நடைமுறையில் எழும் சிக்கல் வேறொன்று: வேலை அனுமதி இல்லாத எச்-4 விசாதாரர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு எண் (அரசு ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண், எஸ்எஸ்என்) பொதுவாக இருப்பதில்லை, பின்னணிச் சோதனைப் படிவமோ அந்த எண்ணைக் கேட்கும். படிவத்தை வெறுமையாக விட்டு அனுப்பினால் அது யார் மேசையிலாவது கிடந்துவிடும். அலுவலகத்தில் முன்கூட்டியே பேசி, கைரேகை வழியாகவோ வேறு வழியாகவோ சோதனையை முடிக்க முடியுமா என்று கேளுங்கள்.

வேலை நாளில் காலை பத்தரை மணியளவில் சமையற்கூடத்துக்குச் செல்வீர்கள். ஒரு சூட்டுப்பையும் ஒரு குளிர்ப்பெட்டியும் உங்கள் வண்டியில் ஏற்றப்படும். சூடான தட்டுகள் மேலே படலம் ஒட்டி மூடப்பட்டிருக்கும். பால், பழம், ரொட்டி ஆகியவை தனிப் பையில் இருக்கும். ஒரு வேளை உணவு ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான ஊட்டச்சத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது தர வேண்டும் என்பது விதி. ஆகவே தட்டில் இருப்பது ஊட்டச்சத்து வல்லுநர் கணக்கிட்டு வைத்தது. இறைச்சி இருந்தாலும் மூடிய தட்டைத்தான் நீங்கள் எடுத்துக் கொடுக்கிறீர்கள். உணவைத் தொடவோ பரிமாறவோ வேண்டியதில்லை. சைவர்கள் பலர் எங்கள் ஊரில் மனத் தடையின்றி இதைச் செய்து வருகிறார்கள். உங்களுக்கு அதுவும் ஒவ்வாது என்றால் அலுவலகத்தில் தொலைபேசி வழி நலம் கேட்கும் பணி, முகவரிப் பட்டியல் தயாரிக்கும் பணி ஆகியவையும் உண்டு.

சூடான உணவு 140 பாரன்ஹீட்டுக்கு மேலும், குளிர்ந்த உணவு 40 பாரன்ஹீட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் விரைவாகப் பெருகும். முதிய உடம்பு அதைத் தாங்காது. பையை ஒவ்வொரு வீட்டிலும் திறந்தவுடன் மூடிவிட வேண்டும் என்பதும், வழியில் சொந்த வேலைக்காக வண்டியை நிறுத்தக் கூடாது என்பதும் இதனால்தான். பத்துப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு ரூட் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். நம்மவர்கள் இந்தப் பணிக்கு வரும்போது தாராள மனம் அவர்களிடம் இயல்பாகவே இருக்கிறது. அதை யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது கட்டுப்பாடு. வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பாத பழக்கத்தில் வளர்ந்த நமக்கு, தனியே இருக்கும் ஒரு பாட்டியைப் பார்த்தவுடன் அடுத்த முறை கொஞ்சம் தயிர்ச் சோறும் ஒரு பிடி முறுக்கும் எடுத்துப் போக வேண்டும் என்று தோன்றும். தயவுசெய்து எடுத்துப் போகாதீர்கள். அந்தப் பாட்டிக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்து, பொட்டாசியம் மிகுந்த உணவு விலக்கப்பட்டிருக்கலாம். வார்பரின் என்ற இரத்தம் உறையாமைக்கான மருந்தை உட்கொள்பவராக இருந்தால், கீரையின் அளவு திடீரென்று கூடுவதும் குறைவதும் மருந்தின் வேலையையே மாற்றிவிடும். பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் இடர்ப்பாடு உள்ளவருக்கு ஒரு துண்டு முறுக்கு மூச்சையே அடைத்துவிடக் கூடும். இவை எவையும் நம் கையிலுள்ள முகவரித் தாளில் முழுமையாக எழுதப்பட்டிருக்காது. மாத்திரை எடுத்துக் கொடுப்பது, பணம் எடுத்து வரச் செல்வது, கடன் கொடுப்பது, பரிசு வாங்குவது ஆகியவையும் கூடா. நன்கொடை உறையைக் கொடுத்தால் ஒட்டியபடியே அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது ஓட்டுநருக்குத் தெரியக் கூடாது.

இப்படியெல்லாம் கையைக் கட்டிப்போட்டால் செய்வதற்கு என்னதான் இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். கவனிப்பதும் சொல்வதும் இருக்கின்றன. அவை பெரிய வேலைகள். மருத்துவர் அந்த முதியவரைச் சில மாதங்களுக்கு ஒரு முறை பார்ப்பார். பிள்ளைகள் வேறு மாநிலத்திலிருந்து தொலைபேசியில் குரலைக் கேட்பார்கள். வாரந்தோறும் அதே நேரத்தில் கதவருகே நின்று அவரை நேரில் பார்ப்பவர் நீங்கள் ஒருவராகவே இருக்கக் கூடும். நேற்றைய செய்தித்தாள் வாசலிலேயே கிடக்கிறதா, எப்போதும் வாக்கரைப் பிடித்து நடப்பவர் இன்று சுவரைப் பிடித்து வருகிறாரா, பேச்சு குழறுகிறதா, குளிர்காலத்தில் வீட்டுக்குள் மேலங்கி போட்டிருக்கிறாரா என்பவற்றைக் கண் தானாகவே பழகிக்கொள்ளும்.

என் ரூட்டில் இருந்த ஓர் அம்மையார், கை நடுக்கத்தினால், தட்டைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போகும்படி கேட்பார். ஒரு நாள் அதைத் திறந்தபோது முந்தைய நாட்களின் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மேல்தட்டில் பிசைந்த உருளைக்கிழங்கு இருந்த குழி மட்டும் வழித்தெடுத்ததுபோல் காலியாக இருந்தது, கோழித்துண்டும் பீன்ஸும் தொடப்படவில்லை. பால் பெட்டி ஒன்றுகூட மீதமில்லை. பசியில்லையா என்று கேட்டால் அவர் சிரித்துச் சமாளித்தார். அன்றே அலுவலகத்துக்குச் சொன்னேன். அவருடைய நலப் பொறுப்பாளர் சென்று பேசியபோதுதான் கீழ்ப் பல்செட் உடைந்துபோனதும், அதைச் சொல்லக் கூசி அவர் மெல்ல வேண்டியதையெல்லாம் ஒதுக்கி வந்ததும் தெரிந்தன. நறுக்கி மென்மையாக்கிய உணவுக்கு அவரை மாற்றினார்கள். பல் மருத்துவமனைக்கும் ஏற்பாடு நடந்தது. அன்று அவருக்கு வீட்டிலிருந்து ரசம் சாதம் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் நான் மனநிறைவோடு திரும்பியிருப்பேன். பல்செட் உடைந்தபடியே இருந்திருக்கும்.

கதவைத் தட்டியும் பதில் வராவிட்டால் உணவை வாசலில் வைத்துவிட்டு நகர்வது பெரும் பிழை. பெயர் சொல்லி, மீல்ஸ் ஆன் வீல்ஸ் என்று உரக்கக் கூப்பிடுங்கள். செவி மங்கியவரும் மெல்ல நடப்பவரும் கதவுக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். அதன் பின்னும் அசைவில்லை என்றால் அங்கிருந்தே அலுவலகத்தை அழையுங்கள். அவர்கள் உறவினரைத் தொடர்புகொள்வார்கள். தேவையானால் காவல்துறையினரை அனுப்பிப் பார்க்கச் சொல்வார்கள். பெரும்பாலும் அவர் மருத்துவரைப் பார்க்கப் போயிருப்பார். சில நேரம் குளியலறையில் விழுந்து கிடப்பார். விழுந்தவரைக் கண்டால் தூக்கி நிறுத்த முயலாதீர்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தால் தூக்குவதே தீங்காகும். 911 என்ற அவசர உதவி எண்ணை அழைத்துவிட்டு, போர்வை போர்த்தி, உதவிக் குழுவினர் வரும்வரை பக்கத்திலேயே இருந்து பேசிக்கொண்டிருங்கள். மற்ற வீடுகளின் உணவு தாமதமாவதை அலுவலகம் பார்த்துக்கொள்ளும். உடம்பில் கன்றிய தடமோ, உடனிருப்பவரைக் கண்டு அஞ்சும் பார்வையோ கண்டால் யாரையும் கேள்வி கேட்காமல் வந்து அலுவலகத்தில் சொல்லுங்கள். முதியோர் பாதுகாப்புத் துறைக்கு அதைக் கொண்டு செல்லும் பொறுப்பு அவர்களுடையது.

நாள்தோறும் ஒருவர் வந்து போவதால் ஆகும் பயனை அளந்து பார்த்த ஆய்வும் உண்டு. அப்போது பிரவுன் பல்கலைக்கழகத்தில் இருந்த காலி தாமஸ் என்ற ஆய்வாளரின் தலைமையில் நடந்து 2015-இல் வெளியான அந்த ஆய்வில், காத்திருப்போர் பட்டியலில் இருந்த முதியவர்கள் மூன்று பிரிவாக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் சூடான உணவு நேரில் கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு வாரம் ஒரு முறை உறைய வைத்த உணவு மொத்தமாக வந்தது. மற்றவர்கள் பட்டியலிலேயே இருந்தார்கள். தனிமை உணர்வு, கவலை, கீழே விழுதல் ஆகியவற்றில் முன்னேற்றம் மிகுதியாகத் தெரிந்தது நாள்தோறும் உணவு பெற்றவர்களிடம்தான். செலவைக் குறைக்க வேண்டிப் பல ஊர்களில் வாரம் ஒரு முறை உறைந்த உணவு தரும் முறைக்கு மாறி வருகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. உங்கள் ஊரில் இரண்டு முறைகளும் இருந்தால், நாள்தோறும் செல்லும் ரூட்டைக் கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு நேரம் ஒப்புக்கொள்வது என்பதில் அடக்கம் வேண்டும். தொடக்க ஆர்வத்தில் வாரம் மூன்று நாள் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளின் தேர்வுக் காலம் வந்தவுடன் நின்றுவிடுவதைவிட, ஒரே ஒரு கிழமையை எடுத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் தவறாமல் போவது மேல். வியாழக்கிழமை பதினொன்றே காலுக்கு நீங்கள் வருவீர்கள் என்று ஒருவர் தலை வாரிக்கொண்டு, நாற்காலியைக் கதவருகே நகர்த்திப் போட்டுக் காத்திருக்கப் பழகிவிடுவார். கோடைக்கு ஊருக்குப் போகும் தேதி தெரிந்தவுடன் அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். அந்த முதியவரிடமும் நீங்களே சொல்லுங்கள். வடக்கு மாநிலங்களில் ஓய்வுபெற்ற தன்னார்வலர்கள் பலர் குளிர்காலத்தில் புளோரிடாவுக்குப் போய்விடுவதால், ஜனவரி, பிப்ரவரியில் ஆள் பற்றாக்குறை கடுமையாக இருக்கும். பனியில் வண்டி ஓட்டிப் பழகியவராக இருந்தால் அப்போது உங்கள் உதவி இரட்டிப்பாகப் பயன்படும். தமிழ்ச் சங்கத்தில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு ரூட்டைப் பகிர்ந்துகொள்வதும் நல்ல ஏற்பாடே. ஆனால் யார் எந்தக் கிழமை என்பதை மாற்றாதீர்கள். முகம் மாறிக்கொண்டே இருந்தால் முன்பு எப்படி இருந்தார், இன்று எப்படி இருக்கிறார் என்று ஒப்பிட யாருக்கும் இயலாது.

பழகும் முறை பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தலைமுறை அமெரிக்கர்களை, அவர்களே முதற்பெயரால் கூப்பிடச் சொல்லும்வரை, மிஸ்டர், மிஸஸ் என்று குடும்பப் பெயரோடு அழையுங்கள். ஹனி, ஸ்வீட்டி என்று குழந்தையைக் கொஞ்சுவதுபோல் பேசுவது அவர்களுக்குத் தலைக்குனிவு. உள்ளே வரச் சொன்னால் மட்டும் உள்ளே செல்லுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றுவது நம் கால்களுக்குப் பழக்கம்; இங்கே பனிக்கட்டிப் படியிலும் உடைந்த கண்ணாடி கிடக்கக்கூடிய தரையிலும் அது ஆபத்து என்பதால், மிதியடியில் நன்றாகத் துடைத்துவிட்டு நடந்தால் போதும். பெயர், முகவரி, நோய், சாவிப்பெட்டி எண் எதையும் வீட்டில்கூடப் பேசாதீர்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது அறவே கூடாது. ஒரு நாள் பட்டியலில் ஒரு பெயர் இல்லாமல் போகும். முதியோர் இல்லத்துக்குப் போனாரா, இறந்துவிட்டாரா என்பதைத் தனியுரிமை விதி காரணமாக அலுவலகம் சொல்லாமலும் இருக்கலாம். அது வலிக்கும். பழைய ஓட்டுநர்களோடு அதைப் பற்றிப் பேசுங்கள். அவர்கள் எல்லோரும் அந்த வலியைக் கடந்தவர்களே.

பிள்ளைகளைப் பெரும்பாலான திட்டங்கள் பெற்றோருடன் வர அனுமதிக்கின்றன; முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பால் பெட்டியை எடுத்துக் கொடுப்பதும், வணக்கம் சொல்வதும் பத்து வயதுப் பிள்ளையால் நன்றாகவே முடியும். நாய் இருக்கும் வீடு, நோய்த் தொற்று உள்ள வீடு ஆகியவற்றில் அவர்கள் வண்டிக்குள் தனியே காத்திருக்கும்படி நேரக் கூடாது என்பதால், இரண்டு பெரியவர்கள் செல்லும் நாளில் அழைத்துப் போவது நல்லது.

கடைசியாக உங்கள் மாமியாரைப் பற்றி. அவர் 60 வயதைக் கடந்தவர், மூட்டுவலியால் வெளியே செல்ல முடியாதவர், பகலில் தனியே இருப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். மகன் வீட்டில் வசிப்பதாலேயே அவருக்குத் தகுதி இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பகலில் யாரும் இல்லை என்பதும், அவரால் சமைத்துக்கொள்ள முடியவில்லை என்பதும் மதிப்பீட்டில் கணக்கில் வரும். வருகை விசாவில் இருப்பவரா, பச்சை அட்டை பெற்றவரா என்பதையும் அலுவலகத்தில் சொல்லிக் கேளுங்கள். உண்மையான இடையூறு உணவின் வகைதான். சைவத் தட்டு என்று கேட்டால் பாலாடைக்கட்டி சேர்த்த பாஸ்தா வரக்கூடும். அதை அவர் இரண்டாம் நாளே ஒதுக்கிவிடலாம். இந்தியர்கள் மிகுதியாக வாழும் சில பகுதிகளில் நம் உணவுக்கு ஏற்பாடு உண்டு. நியூயார்க்கின் குயின்ஸில் தெற்காசிய முதியவர்களுக்காகவே இயங்கும் இந்தியா ஹோம் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நியூ ஜெர்சியில் இந்திய முதியவர்கள் கூடும் பகல்நேரப் பராமரிப்பு மையங்கள் பல இருக்கின்றன. அழைத்துச் செல்ல வாகன வசதியும், மதிய உணவும் அவற்றில் உண்டு. வாகனத்தில் ஏறி இறங்க அவரால் முடியுமானால், தனியே தட்டை வைத்துக்கொண்டு உண்பதைவிடத் தம் மொழி பேசுபவர்களோடு அமர்ந்து உண்ணும் அந்த ஏற்பாடே அவருக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. தன்னார்வலராகச் சேர அழைக்கும்போதே இதையும் கேட்டுவிடுங்கள். பெரும்பாலான கவுண்டிகளில் இரண்டுக்கும் ஒரே அலுவலகம்தான்.